உப்புக்காற்றில் கறுத்த காண்டாக்டுகள்: பழைய அளவீட்டுக் கருவிகளின் சுவிட்சுகளைச் சுத்தம் செய்யும் முறை

மின் சிக்னலின் அலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் பழைய ஆசிலோஸ்கோப்பில் (சுருக்கமாக, ஸ்கோப்பில்) வோல்ட் அளவைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சைத் திருப்பும்போது திரையில் கோடு மேலும் கீழுமாகத் துள்ளினால், அல்லது சோதனைக்கான சிக்னலை உண்டாக்கித் தரும் சிக்னல் ஜெனரேட்டரின் குமிழில் கை பட்டவுடன் வெளிவரும் சிக்னல் கூடியும் குறைந்தும் போனால், கருவி பழுதாகிவிட்டது என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் உள்ளே எந்த உறுப்பும் கெட்டிருக்காது. சுவிட்சுக்குள் ஒன்றோடொன்று உரசி மின்சாரத்தைக் கடத்த வேண்டிய இரண்டு உலோகப் பரப்புகளுக்கு, அதாவது காண்டாக்டுகளுக்கு, நடுவே மெல்லிய படலம் ஒன்று ஏறியிருக்கும். அந்தப் படலத்தை எடுத்துவிட்டு, அதற்கு அடியிலுள்ள வெள்ளிப் பூச்சையும் தங்கப் பூச்சையும் எடுக்காமல் விடுவதுதான் இந்த வேலை முழுவதும். படலம் எதனால் ஆனது என்று தெரியாமல் கையில் கிடைத்த ஸ்ப்ரேயை அடிப்பவர்கள், இந்தத் துள்ளலை, அதாவது கரகரப்பை, சில வாரங்களுக்குத் தள்ளிப்போட்டுவிட்டு, நிரந்தரமான கேட்டைக் கருவிக்குள் விட்டுவிடுகிறார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இத்தகைய கருவிகள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே இருக்கின்றன. இலங்கை ரூபவாஹினியின் ஒளிபரப்பை உயரமான ஆன்டெனா வைத்துப் பிடித்துப் பார்த்த 1980களில், டிவி பழுதுபார்ப்பவர்கள் வாங்கிய ஆசிலோஸ்கோப்புகளும் மோட்வானே மல்டிமீட்டர்களும் இன்னும் பரண்களில் கிடக்கின்றன. பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் ஆய்வகத்தைப் புதுப்பிக்கும்போது பழையவற்றை எடைக்குப் போடுகின்றன. மீன்பிடிப் படகுகளின் வயர்லெஸ் செட்டையும் கடலின் ஆழத்தை அளக்கும் எக்கோ சவுண்டரையும் சரிசெய்பவர்களுக்கு, மலிவான புதிய கருவியைவிட நன்கு பராமரித்த பழைய அனலாக் ஸ்கோப் பல வேலைகளுக்கு உதவும். ஆகவே இவற்றைக் காப்பாற்றுவது பொழுதுபோக்குக்காரர்களின் ஆசை மட்டும் அன்று.

படலம் எதனால் ஆனது

நம் மாவட்டக் காற்றில் சுவிட்சுகளைக் கெடுக்கும் பொருள்கள் இரண்டு. முதலாவது உப்பு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடற்கரை ஊர்களில் அலைகளிலிருந்து எழும் நுண்துளிகள் வீட்டுக்குள் வந்து படிகின்றன. ஆனி, ஆடிச் சாரலின்போதும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையின்போதும் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு கரைசலாகிறது. பித்தளையும் செம்பும் பச்சைக் களிம்பு பிடிப்பதும், தங்கப் பூச்சிலுள்ள ஊசிமுனைத் துளைகளின் வழியே அடி உலோகம் அரித்து மேலே பூப்பதும் இதனால்தான்.

இரண்டாவது கந்தகம். வெள்ளி கறுப்பதற்குக் காரணம் ஆக்சிஜன் என்று நினைப்பது தவறு. காற்றில் மிகச் சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலே வெள்ளியின் மேல் வெள்ளி சல்பைடு படலம் உருவாகிவிடும். ஈரப்பதம் மிகுந்தால் அது விரைவாக வளரும். கயிறு திரிப்பதற்காகத் தேங்காய்க் கதம்பலை நீரில் ஊறப்போடும் இடங்களில் அழுகிய முட்டை போல வீசுவது இதே வாயுதான். கழிமுகத்துச் சேற்றிலிருந்தும் அது வரும். ரப்பரையும் இங்கே கவனிக்க வேண்டும். மரத்திலிருந்து எடுத்த பாலில் கந்தகம் மிகக் குறைவு என்றாலும், ரப்பர் பேண்ட், பழைய டயர்த் துண்டு, ரப்பர் பாய் போன்ற பதப்படுத்திய பொருள்களில் கந்தகம் சேர்க்கப்பட்டிருக்கும். மல்டிமீட்டரின் வயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு, கருவியோடு ஒரே பெட்டியில் மூடி வைப்பது வெள்ளிக் காண்டாக்டுகளுக்கு நேரடியான தீங்கு. நூலோ துணிநாடாவோ போதும்.

இந்த இரண்டோடு, தொழிற்சாலையில் தடவிய கிரீஸ் பல பத்தாண்டுகளில் இறுகி மெழுகு போலாவதும், முன்பு யாரோ அடித்த எண்ணெய் ஸ்ப்ரேயில் தூசி ஒட்டிப் பிசுக்காவதும் சேர்ந்துகொள்கின்றன. மூன்றும் மூன்று வகையான திரவத்துக்குக் கட்டுப்படுபவை. இதை நினைவில் வைத்துக்கொண்டால், கீழே வரும் முறை எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டியதாக இருக்காது.

கோளாறு சுவிட்சில்தானா என்று அறிதல்

கருவியைத் திறப்பதற்கு முன்னால், சுவிட்சை நிலை மாற்றாமல், குமிழை இலேசாக இடவலமாக அசைத்துப் பாருங்கள். கோடு துள்ளினால் சந்தேகம் அந்தச் சுவிட்சின் மேல் விழுகிறது. அசைக்காதபோதும் துள்ளினால் சாக்கெட்டில் செருகிய டிரான்சிஸ்டரோ, விரிசல் விட்ட ஈயப்பற்றோ, சிக்னல் வயரை மாட்டும் முன்பக்க பிஎன்சி சாக்கெட்டோ காரணமாக இருக்கலாம். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே தட்டிப் பார்ப்பது அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டுமே உரியது. அதன்பின் சுவிட்சை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இருபது, முப்பது முறை திருப்புங்கள். உரசல் படலத்தை ஓரளவு துடைத்துவிடும். இதனால் கோளாறு குறைந்தால், நோய் எது என்பது உறுதியாகிவிட்டது.

சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவை இங்கே நம்ப வேண்டாம். அது கொடுக்கும் ஓரிரு வோல்ட், மெல்லிய படலத்தைத் துளைத்துக்கொண்டு போய் நல்ல தொடர்பு இருப்பதாகக் காட்டிவிடும். அதே காண்டாக்டின் வழியே 5 மில்லிவோல்ட் சிக்னல் போக வேண்டியிருந்தால், அதற்குத் துளைக்கும் வலு கிடையாது. இதற்கு எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. 1.5 வோல்ட் டார்ச் செல் ஒன்றுடன் 150 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக இணைத்து, வெளிமுனைகள் இரண்டுக்கும் குறுக்கே 2.2 ஓம் ரெசிஸ்டரை வையுங்கள். வெளிமுனைகளில் ஏறத்தாழ 20 மில்லிவோல்ட்தான் இருக்கும். எந்தப் படலமும் உடையாது, சுற்றிலுள்ள டிரான்சிஸ்டர்களும் இயங்கத் தொடங்கமாட்டா. கருவியின் மின்சாரம் துண்டிக்கப்பட்ட நிலையில், இந்த முனைகளைச் சுவிட்சின் காண்டாக்டுக்கு இரு பக்கமும் பிடித்து, மீட்டரின் மில்லிவோல்ட் முனைகளைத் தனியாக அதே காண்டாக்டின் காதுகளில் (வயரைப் பற்றவைக்கும் நுனிகளில்) வையுங்கள். நல்ல காண்டாக்டில் 0.1, 0.2 மில்லிவோல்ட் காட்டும். 1 ஓம் தடை ஏறியிருந்தால் ஏறத்தாழ 7 மில்லிவோல்ட் காட்டும். 20ஐ ஒட்டி நின்றால் அந்தக் காண்டாக்ட் தொடவே இல்லை. ஒவ்வொரு நிலைக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டால், சுத்தம் செய்தபின் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு பத்தி

பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் நெடுநேரம் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும். வால்வு காலத்துக் கருவிகளில் அது நூற்றுக்கணக்கான வோல்ட். சில நிமிடம் காத்திருந்து, 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நன்கு காப்பிட்ட பிடியுள்ள வயர்களால் குறுக்கே வைத்து வடித்துவிட்டு, மீட்டரால் அளந்து பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்கோப்பின் படக்குழாய்க்குப் போகும் வயரில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கக்கூடும். சுவிட்சைச் சுத்தம் செய்ய அந்தப் பக்கம் போக வேண்டிய தேவையே இல்லை. வேலைக்குப் பயன்படும் ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால், சூடான சால்டரிங் அயர்னை அருகில் வைக்காமல், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எந்தத் திரவம், எதற்கு

அடிப்படைத் திரவம் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். மொபைல் பழுதுபார்ப்பவர்கள் அதை ஐ.பி.ஏ. என்று கேட்டு வாங்குகிறார்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் மொபைல் உதிரிபாகக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். கொரோனா காலத்தில் மிஞ்சிய சானிடைசரை ஊற்ற நினைக்காதீர்கள்: அதில் தண்ணீரும், கை வறளாமலிருக்கச் சேர்த்த கிளிசரினும் உண்டு, கிளிசரின் காண்டாக்டின் மேலேயே தங்கி ஈரத்தை இழுக்கும். ஆல்கஹாலும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது என்பதால், மழைக்காலத்தில் சிறிய சீசாவில் தேவையான அளவு மட்டும் ஊற்றிக்கொண்டு பெரிய சீசாவை உடனே இறுக மூடிவிட வேண்டும்.

கடற்கரையில் இருந்து வந்த கருவிக்கு ஆல்கஹால் மட்டும் போதாது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. உப்பு தண்ணீரில் கரையும், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கரைவதில்லை என்றே சொல்லலாம். ஆல்கஹாலால் துடைத்தால் பிசுக்கு போய்விடும், உப்பு அங்கேயே இருக்கும். அடுத்த சாரலில் கரகரப்பு திரும்பிவிடும். ஆகவே வெண்மையாகப் பூத்திருப்பதோ பச்சைக் களிம்போ தெரிந்தால், முதலில் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய தூரிகையால் துடைத்து, அதன்பின் ஆல்கஹாலால் அந்தத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பேட்டரிக்கு ஊற்றுவதற்காக விற்கும் தண்ணீர் இதற்குப் போதும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்து, வெள்ளை வளையம் விழாததைப் பார்த்துக்கொள்ளுங்கள். கருவிக்குள் தண்ணீரா என்று தயங்க வேண்டியதில்லை. டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பழுதுநீக்கு நிலையங்களிலேயே பழைய ஸ்கோப்புகளைச் சோப்பு நீரால் கழுவி, சூடேற்றிய உலர்த்தும் அறையில் வைத்து உலர்த்தும் வழக்கம் இருந்தது. ஆனால் அத்தகைய உலர்த்தும் வசதி நம் வீட்டில் இல்லாததால், தூரிகையோடு நிறுத்திக்கொள்வதும், டிரான்ஸ்பார்மரின் பக்கமும் காகிதக் கெப்பாசிட்டர்களின் பக்கமும் ஈரத்தைக் கொண்டுபோகாமல் இருப்பதும் நல்லது.

மூன்றாவது, டிஆக்ஸிட் போன்ற காண்டாக்ட் மருந்து. மெல்லிய படலத்தைத் தளர்த்தி, உராய்வைக் குறைக்கும் எண்ணெய்ப் பதத்தை விட்டுவைக்கும். இதை ஸ்ப்ரேயாக அடிக்காமல், மூடியில் சிறிதளவு பீய்ச்சி, ஊசிமுனையில் எடுத்து, காண்டாக்ட் ஒன்றுக்கு ஒரு சொட்டுக்கும் குறைவாக வையுங்கள். சாதாரண டபிள்யூடி-40, மண்ணெண்ணெய், பெட்ரோல், தையல் மெஷின் எண்ணெய் ஆகியவை பிசுக்கை விட்டுச் செல்லும். நெயில் பாலிஷ் ரிமூவரும் பெயின்ட் தின்னரும் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். குமிழின் எழுத்துகளும் கூட அழிந்துபோகும்.

வேஃபர் வகை ரோட்டரி சுவிட்ச்

பழைய மல்டிமீட்டர்களிலும் சிக்னல் ஜெனரேட்டர்களிலும் ரேடியோவின் பேண்ட் சுவிட்சிலும் இருப்பது இந்த வகை. பழுப்பு நிற பீனாலிக் தகட்டிலோ வெள்ளை செராமிக் தகட்டிலோ (இந்தத் தகடுதான் வேஃபர்) வட்டமாகக் கவ்விகள் பொருத்தப்பட்டிருக்கும். நடுவில் சுழலும் உலோகத் தகட்டின் நாக்கு அந்தக் கவ்விகளின் இரண்டு இதழ்களுக்கு நடுவே புகுந்து போகும். வேலை நடப்பது இதழும் நாக்கும் உரசும் அந்தக் குறுகிய தடத்தில் மட்டுமே. தகட்டின் மற்றப் பகுதி கறுப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். முழுத் தகட்டையும் பளபளப்பாக்க முயல்வது வெள்ளியை வீணாக்குவதாகும்.

வழவழப்புப் பூச்சு இல்லாத, ஓரளவு கெட்டியான தாளை 3 மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கிக்கொள்ளுங்கள். நல்ல பாண்ட் பேப்பர் போதும். வெள்ளி அதிகமாகக் கறுத்திருந்தால், சற்றுச் சொரசொரப்பான பிரவுன் பேப்பர். தாளின் நுனியை ஆல்கஹாலில் தொட்டு, சுவிட்சைத் திருப்பி நாக்கு கவ்வியை விட்டு விலகிய நிலையில், சாமணத்தால் பிடித்து இதழ்களுக்கு நடுவே நுழையுங்கள். பிறகு இதழ்களின் சொந்த அழுத்தத்திலேயே தாளை மெதுவாக வெளியே இழுங்கள். முதல் இழுப்பில் தாளின் இரு முகத்திலும் பென்சிலால் கிழித்தது போன்ற கரிய கோடு விழும். ஓரத்தில் பழுப்பாக ஒரு விளிம்பும் தெரிந்தால் அது பழைய கிரீஸ். நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய இடத்தால் மீண்டும் இழுங்கள். கோடு சாம்பல் நிறமாக மங்கும் வரை செய்தால் போதும். தாள் வெள்ளையாகவே வர வேண்டும் என்று தொடர்ந்தால், வருவது அழுக்கு அன்று, வெள்ளி.

இதழ்களை விரலால் அழுத்தித் தாளைக் கவ்வவைக்காதீர்கள். ஒருமுறை வளைந்த இதழ் பழைய விசைக்குத் திரும்பாது, அப்படி ஒரு கவ்வி தளர்ந்தால் எவ்வளவு சுத்தம் செய்தும் கரகரப்பு நிற்காது. காது குடையும் பஞ்சுக் குச்சியும் இங்கே வேண்டாம்; இதழ் நுனியில் சிக்கிய ஒற்றைப் பஞ்சிழை நாக்குக்கும் கவ்விக்கும் இடையில் போய் உட்கார்ந்துவிடும். உப்புத்தாளைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

பீனாலிக் தகட்டில் திரவம் அதிகம் படக் கூடாது என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. அது காகிதத்தைப் பிசினில் ஊறவைத்துச் செய்த தகடு. வெட்டிய விளிம்புகளின் வழியே எண்ணெயையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும். ஸ்கோப்பின் நுழைவாயில் தடை 1 மெகாஓம். மல்டிமீட்டரின் உயர் அளவுகளில் அதைவிடவும் பல மடங்கு. அந்த இடத்தில் தகட்டின் வழியே சிறிது கசிந்தாலும் அளவு தவறாகிவிடும். ஸ்ப்ரே அடித்த சுவிட்சு கரகரக்காமல் ஆனால் தவறான அளவைக் காட்டுவது இதனால்தான். கரகரப்பாவது தன்னைக் காட்டிக்கொடுக்கும், கசிவு காட்டிக்கொடுக்காது.

சுவிட்சின் தண்டும், ஒவ்வொரு நிலையிலும் கட்டென்று நிற்கவைக்கும் குண்டும் இறுகியிருந்தால், பழைய கிரீஸைத் துடைத்து, தீக்குச்சி நுனியளவு லித்தியம் கிரீஸ் வைக்கலாம். அது வேஃபரின் பக்கம் வழியக் கூடாது.

மற்ற வகைகள்

1972இல் வந்த டெக்ட்ரானிக்ஸ் 465 போன்ற ஸ்கோப்புகளில், மேடுபள்ளங்கள் உள்ள கேம் உருளை ஒன்று சுழன்று மெல்லிய விரல்களைச் சர்க்கியூட் போர்டிலுள்ள தங்கத் திட்டுகளின் மேல் அழுத்தும். தங்கம் கறுக்காது என்பதால் அங்கே தேய்ப்பதற்கு எதுவும் இல்லை. படிந்த அழுக்கைக் கழுவினால் போதும். தங்கப் பூச்சு ஒரு மைக்ரான் அளவே இருக்கும், அழிரப்பர் அதைச் சில தேய்ப்பில் எடுத்துவிடும். மூடியைக் கழற்றி, ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தாளை விரலுக்கும் திட்டுக்கும் நடுவே வைத்து, கேமைத் திருப்பி விரலை இறக்கி, ஒரு முறை அல்லது இரண்டு முறை மட்டும் இழுங்கள். தாள் விரலில் மாட்டிக்கொண்டால் இழுக்காமல், கேமைத் திருப்பி விரலைத் தூக்கிவிட்டு எடுங்கள். விரல் வளைந்தால் அதை நிமிர்த்துவது மிகக் கடினம். இந்தச் சுவிட்சுகளில் மருந்து எதுவும் தேவையில்லை.

வரிசையாக அமைந்த புஷ் பட்டன் சுவிட்சுகளைப் பிரிக்காமல் செய்வதே நல்லது. சின்னஞ்சிறு ஸ்பிரிங்குகள் தெறித்துப் போனால் மாற்றுக் கிடைக்காது. பட்டனை அழுத்தும்போது தெரியும் இடைவெளியில், மருந்தகத்தில் கிடைக்கும் சிரிஞ்சின் ஊசியால் இரண்டு சொட்டு ஆல்கஹாலை விட்டு, இருபது முறை அழுத்தி எடுத்து, கருவியைச் சாய்த்து வழியவிடுங்கள். அது காய்ந்தபின் மிகச் சிறிதளவு டிஆக்ஸிட் விட்டு மீண்டும் அழுத்துங்கள். ஸ்லைடு சுவிட்சுக்கும் இதே முறை. முழுவதும் மூடிய டாகிள் சுவிட்சு கரகரத்தால் புதியது மாற்றிவிடலாம். அதற்காக நேரம் செலவிடத் தேவையில்லை. வால்யூம் கண்ட்ரோல் போன்ற கார்பன் பொட்டென்ஷியோமீட்டர்களுக்குள் தாள் நுழைக்கக் கூடாது என்பதை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

உலர்த்துதலும் சரிபார்த்தலும்

ஆல்கஹால் ஆவியாகும்போது உலோகம் குளிர்ந்து, ஈரமான காற்றில் அதன் மேல் பனி படியும். சாரல் காலத்தில் ஆல்கஹால் பறந்தவுடன் வேலை முடிந்தது என்று எண்ணிக் கருவியைப் போட்டால் அந்தப் பனி உள்ளே இருக்கும். பழைய 40 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கருவியின் பக்கத்தில் எரியவிட்டு, மேலே காற்றுப் போகும்படி தளர்வாகப் பருத்தித் துணியை மூடி, கைபொறுக்கும் சூட்டில் ஓர் இரவு வைத்திருங்கள். பல்பு துணியைத் தொடாதபடி அட்டையோ தகரமோ இடையில் நிற்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் பயன்படுத்தியிருந்தால் இன்னும் ஒரு நாள். கடும் வெயிலில் வைப்பது பழைய பிளாஸ்டிக்கை நெளியவைக்கும்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன், 20 மில்லிவோல்ட் ஏற்பாட்டால் ஒவ்வொரு நிலையையும் மீண்டும் அளந்து, முன்பு குறித்த எண்களோடு ஒப்பிடுங்கள். ஒரு நிலை மட்டும் மாறாமல் இருந்தால், அந்தக் கவ்வியின் இதழ் தளர்ந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஆசிலோஸ்கோப்பாக இருந்தால், அதன் முன்பக்கத்திலுள்ள 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை நுழைவாயிலில் கொடுத்து, அந்த அலை திரையில் அளவாகத் தெரியும் நிலைகள் ஒவ்வொன்றிலும் மூலைகள் செங்குத்தாக வருகின்றனவா என்று பாருங்கள்; வெளியிலிருந்து பெரிய சதுர அலை கொடுக்க ஜெனரேட்டர் இருந்தால் மற்ற நிலைகளையும் பார்த்துவிடலாம். ஒரு நிலையில் மட்டும் மூலை மழுங்கியோ கூர்த்தோ இருந்தால், வேலையின்போது சுவிட்சுக்கு அருகிலுள்ள வயர் ஒன்று இடம் மாறியிருக்கலாம்; அங்கே கெப்பாசிட்டன்ஸ் சில பிகோஃபாரட் மாறினாலே அலை கோணலாகும். சிக்னலைக் குறைத்துக் கொடுக்கும் அட்டெனுவேட்டரின் சிறிய டிரிம்மரை (திருகிச் சரிசெய்யும் உறுப்பை)த் தொடுவதற்கு முன்னால், வயரை பழைய இடத்துக்கு நகர்த்திப் பாருங்கள். இதற்காகத்தான் மூடியைத் திறந்தவுடன், எதையும் தொடுவதற்கு முன், எல்லாப் பக்கத்திலிருந்தும் மொபைலில் படம் எடுத்து வைக்க வேண்டும்.

சுத்தம் செய்த கருவியைப் பிளாஸ்டிக் உறையால் இறுக மூடாமல், துணி உறையிட்டு, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை எல்லாச் சுவிட்சுகளையும் கோடிக்குக் கோடி சில முறை திருப்பி, கருவியை அரை மணி நேரம் ஓடவிட்டால், உள்ளே எழும் சூடு ஈரத்தை வெளியேற்றும், உரசல் புதுப் படலத்தைத் துடைத்துவிடும். அப்படிப் பழக்கத்தில் இருக்கும் வெள்ளிக் காண்டாக்டுக்கு மீண்டும் தாள் நுழைக்கும் தேவை பல ஆண்டுகளுக்கு வராது.